முரசு

ஈறு என நூல்களிலே காணப்படும் உறுப்பை எங்கள் பகுதியில் முரசு என்றே வழங்குவோம். முரசு வீங்கிவிட்டது, முரசு கரைகிறது, முரசில் இரத்தம் கசிகிறது என்பனவே சிறுபராயம் முதல் நான் கேட்டுப் பழகிய தொடர்கள். கொட்டுகின்ற முரசுக்கும் பல்லைத் தாங்குகின்ற முரசுக்கும் உறவு உண்டா என்பதைச் சொல்லாராய்ச்சி வல்லார் கூறட்டும். என்னுடையது நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஓசையின்றிக் கிடந்து, சென்ற ஆண்டிலேதான் தன் இருப்பை எனக்கு அறிவித்தது.

கீழ்வரிசையின் முன்பற்களுள் ஒன்றிலே முரசு சிறிது சிறிதாக இறங்கி, வேரின் மங்கிய மஞ்சள் நிறம் வெளித்தெரியலாயிற்று. குளிர்நீர் பட்டால் தாடை வழியே ஒரு கூச்சம் ஓடும். முதலில் அதனை நான் பொருட்படுத்தவில்லை. முதுமை நெருங்க நெருங்கப் பல் நீளுமாக்கும் என்று வேடிக்கையாக எண்ணிக்கொண்டேன். கண்டியிலே பல்வைத்தியர் ஒருவரிடம் சென்றபோது, அவர் மெல்லிய அளவுகோல் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு, நான் எவ்வாறு பல் துலக்குகிறேன் என்று கேட்டார். கையால் செய்து காட்டினேன். “நீங்கள் துலக்கவில்லை, அரிந்திருக்கிறீர்கள்” என்றார்.

அது உண்மையே. எங்கள் வீட்டிலே பல் துலக்குதல் ஒழுக்கத்தின் ஒரு கூறாகக் கருதப்பட்டது. தம்பலகாமத்தில் உமிக்குப் பஞ்சமில்லை. ஆகவே உமிக்கரிக்கும் பஞ்சமில்லை. விடிகாலையில் கிணற்றடியில் வரிசையாக நின்று, அப்பா பார்த்திருக்க, சுட்டுவிரல் நோகும்வரை தேய்ப்போம். பிற்காலத்திலே தூரிகையும் பற்பசையும் வந்தபோதும் அந்தக் கை மாறவில்லை. கடையிலே மிகக் கடினமான நாருடைய தூரிகையையே தெரிந்து வாங்குவேன். அழுக்கு என்பது பலாத்காரத்தினாலேயே நீங்கும் என்ற நம்பிக்கை எனக்கு எவ்வாறு வந்ததோ தெரியவில்லை.

பரிகாரமாக அவர் கூறியது ஒட்டுச் சத்திரசிகிச்சை. மேலண்ணத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் அல்லது அதற்குச் சற்றுக் கூடிய தடிப்பிலே இழையத்தைச் சீவியெடுத்து, முரசு தேய்ந்த இடத்திலே படுக்கை ஒன்று ஆக்கி, அதன்மீது வைத்துத் தைத்துவிடுவர். 1963ஆம் ஆண்டிலே சுவீடனைச் சேர்ந்த பியோர்ன் என்பவர் இம்முறையைப் பற்றி எழுதினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது பரவலாகக் கையாளப்படலாயிற்று. எனக்கு அது ஒரு முற்பகலிலே நடந்தது. விறைப்பூசி ஏற்றியபின் நோவு இல்லை. இழுபடுகின்ற உணர்வும் நூல் ஓடுகின்ற உணர்வுமே இருந்தன. வெட்டியெடுத்த துண்டை ஈரத்துணியிலே வைத்து எனக்குக் காட்டினார்கள். சின்னி விரல் நகத்தின் அளவு இருக்கும். இதற்காகவா இவ்வளவு பாடு என்று தோன்றியது.

கையிலே தந்த தாளில் விலக்குகள் பல இருந்தன. சூடானது உண்ணலாகாது. கடிக்கலாகாது. உறிஞ்சலாகாது. ஒட்டிய இடத்திலே தூரிகை படலாகாது. இயன்றவரை பேசலாகாது. யாவற்றிலும் கடுமையானது கடைசி விலக்கு: உதட்டை இழுத்து ஒட்டைப் பார்க்கலாகாது. விரிவுரை நடத்திப் பிழைப்பவனுக்குப் பேசாதிருத்தலே பெருந்தண்டனை. அதனிலும் பெரியதாக, தன் வாய்க்குள் என்ன நடக்கிறதென்று பாராதிருத்தலும் சேர்ந்துகொண்டது. இரண்டு வாரம் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாட் காலை மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக அம்மா தனித்திருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மாசி மாதமாகையால் பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் எங்கள் வயல்வெளியைப் பார்த்தவர்களுக்கு அந்த நாட்களின் நிறத்தைச் சொல்லவேண்டியதில்லை. முன்பு தாக்கத்தி பிடித்த கைகள் நிரைநிரையாக இறங்கும். களத்திலே சூடு வைத்து மிதிப்பார்கள். இப்போது அறுவடை இயந்திரம் ஒன்று பகலெல்லாம் உறுமிக்கொண்டு போகிறது. அதன் பின்னால் கொக்குகள் நடக்கின்றன. படலையைத் திறந்தவுடன் அம்மா என் வீங்கிய கன்னத்தைப் பார்த்து, “ஆரடா அடிச்சது?” என்று கேட்டார். நான் சிரிக்க முயன்று, தையல் இழுக்க, கண்ணீர் வந்துவிட்டது. அதைக் கண்டு அவர் மெய்யாகவே பயந்துபோனார்.

நோவு ஒட்டிய இடத்தில் இல்லை, வெட்டியெடுத்த இடத்திலேதான். அண்ணத்திலே சுடுகஞ்சி பட்டு வெந்த புண் எப்படியிருக்குமோ அப்படி. நாக்கு எந்நேரமும் அங்கேயே போய்ப் போய் வந்தது. அம்மா ஆறவைத்த கஞ்சியும், குழையப் பிசைந்த சோற்றோடு எருமைத் தயிரும், இடியப்பத்தை ஆறிய சொதியிலே ஊறவைத்ததும் தந்தார். எங்கள் ஊர்த் தயிரின் சுவையை நான் வெளியூர்களிலே பெருமையாகப் பேசியவன். இம்முறை அது நாக்கிலே சுண்ணாம்புக் கரைசல்போல் இருந்தது. சொதியில் உப்பே இல்லை என்று தாளிலே எழுதிக் காட்டினேன். அம்மா மறுபடி உப்பிட்டார். அப்போதும் இல்லை. மூன்றாம் முறை அவர் தாமே வாயில் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, அதை நாய்க்கும் வைக்காமல் ஊற்றிவிட்டார். குற்றம் உப்பில் இல்லை. தூரிகைக்குப் பதிலாக நான் காலையும் மாலையும் கொப்பளித்த குளோரெக்சிடின் மருந்திலே இருந்தது. அது உப்புச் சுவையை மழுங்கச் செய்யும். பற்களிலே கபில நிறக் கறையையும் படியவிடும். ஒரு வாரத்திற்குள் என் பற்கள் வெற்றிலை போடுவாரின் பற்களைப்போல ஆயின. “இப்பதான் என்ர பிள்ளை மாதிரி இருக்கிறாய்” என்றார் அம்மா.

பேச முடியாதவன் வாசிக்கலாம். புறப்படுமுன், முரசு தேய்தலைப் பற்றிய சில கட்டுரைகளை அச்செடுத்துப் பையிலே வைத்திருந்தேன். அவற்றைத் திண்ணையிலிருந்து படித்தபோது ஒரே பெயர் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது. ஹரல்ட் லோ என்னும் நோர்வே நாட்டு அறிஞர். தூய்மை செய்வதை நிறுத்திய பன்னிருவரின் முரசு பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் அழற்சியுறுவதையும், மீண்டும் துலக்கியதும் அது தேறுவதையும் 1965இல் காட்டியவர்களுள் அவர் ஒருவர். நான் கொப்பளித்த அந்த மருந்து பல்லிற் படியும் பற்றீரியாப் படலத்தைத் தடுக்கும் என்று 1970இல் நிறுவியவர்களுள் அவர் ஒருவர். ஒட்டிய இழையம் எவ்வாறு உயிர்பிடிக்கிறது என்பதைக் குரங்குகளிலே ஆராய்ந்து 1968இல் எழுதிய மூவருள்ளும் அவர் ஒருவர். என் வாய்க்குள் எனக்குத் தெரியாமலே ஒரு நோர்வேகாரர் குடியிருந்தார் எனலாம்.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது வேறொன்று. 1969இல் அவரும் துணைவரும் ஒஸ்லோவிலே மாணவரும் கல்விமான்களுமாக 565 பேரின் வாய்களைச் சோதித்தனர். மறுவருடம் இலங்கைக்கு வந்து, இரண்டு தேயிலைத் தோட்டங்களிலே 480 ஆண் தொழிலாளரைச் சோதித்தனர். முன்னவர் சிறுவயது முதல் முறையான பல்வைத்தியம் பெற்றவர்கள். பின்னவர் தூரிகையையும் பல்வைத்தியரையும் அறியாதவர்கள். அறியாதிருந்தமையாலேயே அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வைத்தியம் தீண்டாத வாயிலே நோய் தன் இயல்பில் எவ்வாறு நடக்கும் என்று காண்பதே நோக்கம். பதினைந்து ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வந்து அதே வாய்களை அளந்தனர். 1986இல் முடிவு வெளியாயிற்று. நூற்றுக்கு 8 பேரிலே நோய் விரைந்து பரவி, நாற்பத்தைந்து வயதளவில் அவர்கள் அனேகமாக எல்லாப் பற்களையும் இழந்தனர். 81 பேரிலே மிதமாகப் பரவியது. 11 பேரிலே, எவ்வித பராமரிப்பும் இல்லாமலே, முரசு அழற்சிக்கு மேல் ஒன்றும் நிகழவில்லை. உலகெங்கும் பல்வைத்திய மாணவர் இன்றும் இந்த எண்களைப் படிக்கின்றனர்.

முரசு இறங்குதலைப் பற்றி 1992இல் வந்த கட்டுரை என்னைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தது. ஒஸ்லோவிலே இருபது வயதினருள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோருக்கு முரசு இறங்கியிருந்தது; அதுவும் பல்லின் வெளிப்புறத்திலே மட்டும், அதாவது தூரிகை படுகின்ற புறத்திலே. தோட்டத்திலே அந்த வயதுக்கு முன் நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்டோருக்கே அது இருந்தது. ஆனால் முப்பது வயதில் 90 பேருக்கு, நாற்பதில் எல்லோருக்கும், உள்ளும் புறமும் இடையுமாக. தேய்த்தவனுக்கு ஒரு புறம் போயிற்று. தேய்க்காதவனுக்கு எல்லாப் புறமும் போயிற்று. நான் ஒஸ்லோக்காரரின் பக்கத்திலே நின்றேன். அதிற் பெருமைப்பட ஒன்றுமில்லை.

480 பேருள் 1985இல் எஞ்சியிருந்தோர் 161 பேர். இந்தக் குறைவை அறிவியற் கட்டுரை ஓர் எண்ணாக மட்டுமே தருகிறது. அந்தப் பதினைந்து ஆண்டுகளிலே மலையகத்தில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் பிரிக்கப்பட்டு இந்தியாவுக்கு ஏற்றப்பட்டன. 1970களின் நடுவிலே தோட்டங்களிற் பட்டினி நிலவியது. அளவுகோல் அடுத்தமுறை வந்தபோது வாய்கள் அங்கே இல்லை. அவருட் பலர் கப்பலேறியிருக்கலாம். சிலர் வன்னிக்கோ வேறெங்கோ போயிருக்கலாம். ஆராய்ச்சியாளரை நான் குறைகூறவில்லை. அவர்கள் கண்டறிந்ததாலேயே என் முரசு இன்று தைக்கப்பட்டுள்ளது. ஆயினும், பன்னூல்களிலே மேற்கோளாகும் அந்த வாய்களிலே பேசப்பட்ட மொழி என்னுடையது என்பதை எண்ணியபோது, தயிர்ச்சோற்றுக் கோப்பை கையிலே கனத்தது.

ஐந்தாம் நாள் இரவு விலக்கை மீறினேன். கிணற்றடிக் கண்ணாடியின் முன் நின்று கீழுதட்டை மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஒட்டிய துண்டு சாம்பல் கலந்த வெள்ளையாய், நீரில் ஊறிய காகிதம்போல, விளிம்பு உரிந்து கிடந்தது. செத்துவிட்டது என்று முடிவு செய்தேன். அந்த மூவர் எழுதிய கட்டுரையை எடுத்து மீண்டும் படித்தேன். முதல் மூன்று நாட்களிலே ஒட்டுக்கு இரத்த ஓட்டம் கிடையாது. கீழேயுள்ள படுக்கையிலிருந்து கசியும் திரவவிழையத்தாலேயே அது உயிர்தாங்குகிறது. இரண்டாம் நாள் தொடங்கிப் பதினோராம் நாள் வரையில் மயிர்க்குழாய்கள் உள்நுழைகின்றன. நாற்பத்திரண்டாம் நாளளவில் அது முதிர்கிறது. மேற்படலம் இடையிலே உரிந்துபோவது இயல்பு. இவ்வளவையும் படித்த பின்னும் நெஞ்சு ஆறவில்லை. வாசித்தறிந்தது கட்டுரையிலே இருந்தது. வெள்ளை என் வாயிலே இருந்தது.

அம்மா வயலுக்குக் கொண்டுபோகும் ரோச் லைற்றோடு வந்தார். “காட்டு பாப்பம்” என்றார். காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடி போடாமற் பார்க்கிறாரே என்ற எரிச்சல் எனக்கு. பிறகு லைற்றை அணைத்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோலச் சொன்னார்: “வெள்ளையாத்தான் கிடக்கு. பயப்பிடாதை. எனக்கும் உள்ளுக்கு இப்பிடி ஒரு வெள்ளை கிடக்கு, மூண்டு வருசமா. ஒண்டும் செய்யேல்லை.”

ரோச் லைற்றை நான் வாங்கிக்கொண்டேன். இடக் கன்னத்தின் உட்புறத்திலே, அவர் எப்போதும் வெற்றிலையை ஒதுக்கி வைத்திருக்கும் அதே குழியிலே, ஒரு சதக் குற்றியிலும் பெரிதாய் வெண்படலம் இருந்தது. துணியால் ஒற்றிப் பார்த்தேன், நீங்கவில்லை. ஓரமொன்று சிவந்து கரடுமுரடாயிருந்தது.

வாய் திறந்து பேச முடிந்திருந்தால் அன்றிரவு நான் திட்டியிருப்பேன். மூன்று வருடம்! மாதம் ஒருமுறை வந்துபோகும் மகனிடம் ஒரு சொல் சொல்லவில்லை. நான் பேசாதிருந்தபடியால் அவர் பேசினார். வெற்றிலைத் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, பாக்குரலில் இடித்தபடி, நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். 1990இல் நாங்கள் ஊரைவிட்டு ஓடி, பள்ளிக்கூடம் ஒன்றிலே அகதிகளாக இருந்தபோது எனக்கு எட்டு வயது. கிடைத்த உணவு பிள்ளைகளுக்குப் போதும், பெரியவர்களுக்குப் போதாது. பக்கத்துப் பாயிலிருந்த ஆச்சி ஒருவர் ஒரு வாய் வெற்றிலை கொடுத்து, “இதைப் போட்டா பசி தெரியாது பிள்ளை” என்றாராம். அன்று தொடங்கியது. ஊருக்கு மீண்ட பின் பசி போய்விட்டது, வெற்றிலை போகவில்லை. “அந்த நாளில இது இல்லாட்டி எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்” என்றார். நான் என்ன எழுதிக் காட்டுவது?

தம்பலம் என்ற சொல்லுக்கே மென்ற தாம்பூலம் என்று ஒரு பொருள் உண்டு. ஊரின் பெயருக்கும் அதற்கும் தொடர்பு காட்ட நான் முற்படவில்லை. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியிலே இறங்கியவர் எவரும் பகையின்றிக் கரையேறியதில்லை. ஆனால் எங்கள் குடாவுக்கும் வெற்றிலைக்கும் உறவுண்டு. தம்பலகாமக் குடாவிலே கண்ணாடிபோல் மெலிந்த ஓடுடைய சிப்பியினம் ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அதன் முத்துக்காகக் குளித்தார்கள். 1850களில் கெலார்ட் என்ற வைத்தியர் அதனை ஆராய்ந்து எழுதினார். அந்த முத்துக்கள் அணிகலனுக்கு ஆகா, மிகச் சிறியன. இந்தியச் செல்வர்கள் அவற்றைச் சுட்டு நீற்றி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பாகப் பூசினார்கள். முத்தானாலும் சிப்பியானாலும் வாயிலே அதன் தொழில் ஒன்றே. சுண்ணாம்பின் காரம் பாக்கிலுள்ள அரெக்கோலினை மாற்றி, அதன் கிளர்ச்சியை எழுப்பும். புகையிலை கலந்த வெற்றிலையைப் புற்றுநோய் விளைவிப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இல் வகைப்படுத்தியது. 2004இல் வெளிவந்த தொகுதியிலே, புகையிலை சேராத வெற்றிலையும் வெறும் பாக்கும்கூட அவ்வகையிலே சேர்க்கப்பட்டன. இலங்கை ஆண்களிடையே முதலிடம் பெறும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே.

மறுநாள் முழுவதும் அம்மாவைக் கண்டிக்கு அழைப்பதிலே போயிற்று. நெல் ஏற்றும் லொறி வரவேண்டும், கூலி கொடுக்கவேண்டும், கோயிலுக்குப் புதிர் அரிசி கொடுக்கவேண்டும், மாடு கன்று போடும். ஒவ்வொன்றுக்கும் நான் கொப்பியிலே மறுப்பு எழுதிக் காட்ட, அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு, எழுத்துக்கூட்டிப் படித்து, அடுத்த காரணத்தைச் சொன்னார். கடைசியிலே ஒரு பக்கம் முழுவதும் நிறையப் பெரிய எழுத்திலே ‘வாங்க அம்மா’ என்று எழுதி அவர் மடியிலே வைத்தேன். அவர் அதை நெடுநேரம் பார்த்திருந்தார். “இதுக்கேன் இவ்வளவு பெரிசா எழுதுறாய், எனக்குக் கண் தெரியும்” என்றார். பதினான்காம் நாள், எனக்குத் தையல் வெட்டவேண்டிய அன்று, இருவரும் முதல் பஸ் வண்டியில் ஏறினோம். தம்புள்ளை வரையில் அவர் ஒரு முறைதான் வெற்றிலை போட்டார். அதுவும் நான் தூங்குவதாக எண்ணிக்கொண்டு.

என் ஒட்டு பிடித்திருந்தது. உரிந்த வெள்ளையின் கீழே இளஞ்சிவப்பு வந்திருந்தது. அண்ணத்து இழையம் புதிய இடத்திலும் தன் இயல்பை விடாது, சுற்றியுள்ள முரசிலிருந்து நிறம் சற்று வேறுபட்டே நிற்கும் என்று வைத்தியர் கூறினார். சைக்கிள் டியூப்பில் ஒட்டிய துண்டுபோல இன்றும் அது தெரிகிறது. அதன்பின் நான் எழுந்து, கதிரையிலே அம்மாவை இருத்தினேன். அவர் கன்னத்தைப் பார்த்த வைத்தியர் பேச்சை நிறுத்திவிட்டார். மாடியிலுள்ள மற்றொரு பிரிவுக்கு அவரே கூட்டிச்சென்றார். எனக்கு அண்ணத்திலே வெட்டியதைப் போன்றே, அம்மாவின் கன்னத்திலும் சிறு துண்டு ஒன்றை வெட்டினார்கள். என்னுடையது ஒட்டுவதற்கு, அவருடையது கண்ணாடித் தகட்டிலே வைத்துப் பார்ப்பதற்கு. அம்மா அழவில்லை. வெட்டியதை என்ன செய்வார்கள் என்று மட்டும் கேட்டார்.

முடிவு வருவதற்கு மூன்று வாரங்கள் சென்றன. அந்த மூன்று வாரமும் அவர் என் விடுதி அறையிலே இருந்தார். கஞ்சியை இப்போது நான் ஆறவைத்துக் கொடுத்தேன். உப்புக் கூடிவிட்டது என்று அவர் குறைசொன்னார். அவர் சொன்னது சரி. நாக்கிலே சுவை திரும்பியிருந்தும் என் கை பழைய அளவை மறந்திருந்தது. இரவிலே அவருக்குத் தூக்கம் வருவதில்லை. வெற்றிலையின்றிக் கை என்ன செய்வதென்று தெரியாமல் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருப்பார். எனக்கும் தூக்கமில்லை என்பதை நான் காட்டிக்கொள்ளவில்லை. முடிவு வந்தது: கலங்களிலே தொடக்க நிலை மாற்றம் உண்டு, புற்றுநோய் அன்று. வெற்றிலை, பாக்கு, புகையிலை அறவே கூடாது. படலத்தை வெட்டி நீக்கவேண்டும். நீக்கிய பின்னும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும். இன்னும் சில வருடம் தாமதித்திருந்தால், என்று தொடங்கிய வைத்தியர் அம்மாவின் முகத்தைப் பார்த்து வாக்கியத்தை முடிக்கவில்லை.

நீக்கியாயிற்று. இதுவரை மூன்று முறை காட்டியுமாயிற்று. ஒருமுறை பாக்கு வாசனை அடித்தது, அவர் மறுத்தார், நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மாலையிலே தொலைபேசியில் அழைத்தால், மாட்டையும் மழையையும் பற்றிச் சொல்லிவிட்டு, கடைசியிலே, “லைற் அடிச்சுப் பாத்தனான், ஒண்டும் புதிசா இல்லை” என்று தாமாகவே சொல்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சி அந்தப் பாக்குரலைக் கேட்டாராம், கொடுக்கவில்லை. கழுவி, வெயிலில் உலர்த்தி, அடுப்படித் தட்டிலே கவிழ்த்து வைத்திருக்கிறார். அடுத்த தவணை சித்திரை மாதத்தில்.